மத்தியானச் சோற்றுக்கு ஒரு ஜெட்

சேலத்துக்கு மறுபடியும் விமானம் வந்து போக ஆரம்பித்ததிலிருந்து எனக்கு ஒரு புது மரியாதை கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன். யாராவது பக்கத்தில் வந்து நின்று, "ஏன் சார், சொந்தமா ஒரு பிளேன் வாங்கணும்னா என்ன செய்யணும்?" என்று கேட்பார். கேட்கிறவர் பழைய ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்புகிறவராகத்தான் இருப்பார். நான் சிரிப்பதில்லை. அவர் கண் என் முகத்தில் இருக்காது, என் தலைக்கு மேலே எங்கேயோ இருக்கும். அந்த நேரத்தில் அவர் ஏற்கனவே ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். கீழே இறக்கிவிட எனக்கு மனசு வருவதில்லை.

போன மாதம் பெங்களூரிலிருந்து என் பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். இப்போதெல்லாம் விமானத்தை நேரில் போய்ப் பார்க்காமலே, வீடியோவில் பார்த்து வாங்கச் சொல்கிறவர்கள் வந்துவிட்டார்களாம். "வாங்கறவங்ககிட்ட என்ன பேசறதுன்னே தெரியலை சார். நீங்க அந்தத் திருச்செங்கோட்டு ஜெட் கதையை எழுதிக் குடுங்க" என்றார்கள். பென்ஷன்காரனிடம் கதை கேட்டால் அவன் பிறந்ததிலிருந்து ஆரம்பிப்பான் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் கேட்டார்கள், எழுதுகிறேன்.

என் பெயர் சூசைராஜ். சேலத்தில் டிப்ளமா, சென்னையில் பயிற்சி, பிறகு லைசென்ஸ் பரீட்சைகள், பெங்களூரில் ஹேங்கர் என்று விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் பெரிய கொட்டகைகளில் என் இளமை போயிற்று. கை முழுக்க கிரீஸ், வாய் முழுக்க "யெஸ் சார்". அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. பாதி வயதுக்கு மேல்தான் என் உண்மையான வேலை வந்தது. ஒருவர் பழைய விமானம் ஒன்றை வாங்கப் போகிறார் என்றால், அவருக்காக அதைப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று சொல்லும் வேலை. நிலம் வாங்குமுன் வில்லங்கம் பார்ப்பதுபோலத்தான். இங்கே வில்லங்கம் இரும்பிலும் அலுமினியத்திலும் ஒளிந்திருக்கும்.

அதை எனக்குக் காட்டியவர் எங்கள் தலைமைப் பொறியாளர் பெரைரா. மங்களூர்க்காரர். வெள்ளைச் சட்டை தவிர வேறு நிறத்தில் நான் அவரைப் பார்த்ததில்லை. விமானம் பார்க்கப் போனால் எல்லாரும் டார்ச்சும் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு இன்ஜினுக்குக் கீழே குனிவார்கள். அவர் செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிவிட்டு உள்ளே போய், கடைசி இருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். மின்சாரம் எதுவும் கொடுக்கக் கூடாது. விளக்கு, விசிறி, ஒன்றும் கூடாது. "தூங்கட்டும். எழுப்பறதுக்கு முன்னால எப்படித் தூங்குதுன்னு பார்ப்போம்" என்பார். நானும் அவருக்கு எதிரில் உட்காருவேன். வட்ட ஜன்னல்கள் வழியாக மங்கலான வெளிச்சம் விழும். தோல் இருக்கையின் வாசனை, எப்போதோ கொட்டிய காப்பியின் வாசனை. கொஞ்ச நேரத்தில் நாங்கள் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். சில நாள் எனக்கு அந்த நிற்கிற விமானத்திலேயே எங்கோ பறந்து போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றும்.

அவர் தூங்கவில்லை. மோந்துகொண்டிருப்பார். ஈர வாடை வந்தால் தரைக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். கழிவறைக்கும் சின்ன சமையல் மேடைக்கும் கீழே உள்ள தரைப்பலகையைத்தான் முதலில் கழற்றச் சொல்வார். அங்கேதான் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து அரித்திருக்கும். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து இறக்கையின் ஓரங்களையும் வாலையும் மெல்லத் தட்டிக்கொண்டே போவார். டிங், டிங் என்று ஒரே சீராக வரும். எங்காவது "டப்" என்று அடைத்த சத்தம் வந்தால் நின்றுவிடுவார். உள்ளே அடுக்குகள் ஒன்றை ஒன்று விட்டுப் பிரிந்திருக்கும் இடம் அது. அதற்குப் பிறகுதான் இன்ஜின். கொடி மாதிரி வளையும் கேமராவை அதன் வயிற்றுக்குள் விட்டு ஒவ்வொரு தகடாகப் பார்ப்போம்.

எல்லாம் முடிந்ததும் வாங்க வந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "வாங்கியாச்சுன்னு வையுங்க. விசேஷமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம். நீங்க எங்க இருப்பீங்க?" இதற்குப் பெரிய பெரிய முதலாளிகள் முழித்திருக்கிறார்கள். துபாய் என்பார்கள், டெல்லி என்பார்கள். பெரைரா தலையாட்டிவிட்டு, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு அந்த விமானம் தோதா என்று மட்டும் கணக்குப் போட்டுச் சொல்வார். அவர் ஓய்வு பெற்றபின் அந்தக் கேள்வியை நான் எடுத்துக்கொண்டேன்.

அர்த்தநாரி வந்தது என் வேலையின் கடைசி வருடங்களில். திருச்செங்கோட்டுக்காரர். அந்த ஊரில் ரிக் வைத்திருக்கிறார் என்றால் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி வைத்திருக்கிறார் என்று பொருள். அவருடைய ரிக்குகள் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று வடக்கே முழுக்க ஓடின. எத்தனை ரிக் என்று கேட்டால் பதில் சொல்லாமல் சிரிப்பார். வெள்ளை வேட்டி, கையில் போன், முன்கையில் பழைய தழும்பு ஒன்று. ரிக்கில் உதவியாளாக ஏறிய நாளில் குழாய் உருண்டு விழுந்ததால் வந்ததாம்.

எட்டுப் பேர் உட்காரும் நடுத்தர ஜெட் ஒன்று பெங்களூரில் விற்பனைக்கு வந்திருந்தது. பழையது, ஆனால் நன்றாக வைத்திருந்த வண்டி. அதைப் பார்க்கத்தான் வந்தார். உள்ளே நுழைந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"எத்தன மணி நேரம் ஓடியிருக்குதுங்க?"

மற்றவர்கள் எத்தனை வருடம் என்பார்கள். சிலர் எத்தனை கிலோமீட்டர் என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். ரிக்கில் கம்ப்ரசருக்கு மணிக் கணக்குத்தான். இன்ஜினுக்கும் விமானத்துக்கும் இங்கே அதே கணக்கு. சொன்னேன். புரிந்துகொண்டு தலையாட்டினார்.

அடுத்த கேள்வியில் கொஞ்சம் சறுக்கினார். "சீட்டு எட்டுதானுங்களா? அப்ப பன்னண்டு பேரு தாராளமாப் போலாம்."

"எட்டுன்னா எட்டுதாங்க" என்றேன்.

"பாஸிங் எட்டு. அது தெரியுமுங்க. ஏத்துனா எத்தன ஏத்தலாம்?"

நாமக்கல், திருச்செங்கோட்டுப் பக்கம் வண்டிக்காரர்களுக்கு எழுதியிருக்கிற எடை ஒன்று, ஏற்றுகிற எடை ஒன்று. எழுதியது ஆர்.டி.ஓ.வுக்கு, ஏற்றுவது பிழைப்புக்கு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்படித்தான் அந்த ஊர் முன்னுக்கு வந்தது. நான் விளக்கிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டார், நம்பவில்லை.

விமானத்தைப் பார்த்து முடித்தேன். ஈர வாடை இல்லை. நாணயம் ஒரு இடத்தில்கூட அடைத்துக் கேட்கவில்லை. இன்ஜின் தகடுகள் ஓரம் தேயாமல் இருந்தன. கடைசியில் என் கேள்வியைக் கேட்டேன். செவ்வாய்க்கிழமை, மத்தியானம், எங்கே இருப்பீர்கள்?

அவர் யோசிக்கவே இல்லை. "ஊட்டுல சோறு தின்னுட்டு இருப்பனுங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இருக்கையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே சொன்னார். "கண்ணாலமாகி முப்பது வருசத்துக்கு மேல ஆச்சுங்க. ஊட்டுல உக்காந்து மத்தியானச் சோறு தின்ன நாளு விரல் விட்டு எண்ணிரலாம். தீவாளி, பொங்கலு, அப்பறம் எதாச்சும் எழவு. அவ ஆக்கி வெச்சுட்டு ஒத்தையில தின்னுட்டு இருக்கறா. நான் எங்கியோ காட்டுல நிக்கறேன். இத வாங்குனா காலையில சைட்டப் பாத்துட்டு மத்தியானம் ஊட்டுக்கு வந்து தின்னுட்டு மறுக்கா போயிருவனுங்க. அதுக்குத்தான் வாங்கறதே. வெளிய சொன்னா சிரிப்பாங்கன்னு பிசினஸுக்குன்னு சொல்லிருக்கறேன்."

எத்தனையோ பேர் எத்தனையோ காரணம் சொல்லி விமானம் வாங்கக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு காரணத்தை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அங்கேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டேன். ராய்ப்பூரிலிருந்து சேலத்துக்குப் பறக்கும் நேரம் ஒன்றரை, இரண்டு மணி. அது பெரிதில்லை. ஆனால் ரிக் நிற்கும் காட்டிலிருந்து ராய்ப்பூர் விமான நிலையத்துக்கே ரோட்டில் மூன்று மணி. சேலத்தில் இறங்கி திருச்செங்கோடு போக ஒரு மணிக்கு மேல். சாப்பிட்டுத் திரும்பினால் அங்கே இருட்டிவிடும். வெயில் காலத்தில் சேலத்திலிருந்து மத்தியானம் கிளம்புவதும் சிரமம்.

"பாத்துக்கலாமுங்க. ஓட்டறவன் ஓட்டுனா ஓடும்" என்று எழுந்துவிட்டார். சேலத்தில் ஒருமுறை குடும்பத்தோடு பறந்து பார்க்க வேண்டும், அதற்குப் பிறகு வாங்குவதைப் பேசலாம் என்றார்.

பறக்கக் குறித்த நாளுக்கு முந்தின நாள் நான் திருச்செங்கோடு போனேன். எல்லாருடைய எடையும் எனக்கு வேண்டும். சும்மா கேட்டால் யாரும் உண்மை சொல்வதில்லை, அதிலும் பெண்கள் பத்து கிலோவை எங்காவது விட்டுவிட்டுத்தான் சொல்வார்கள். அர்த்தநாரியின் மச்சான் கந்தசாமி நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். தீவன மூட்டை நிறுக்கும் தராசை வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் தென்னை நிழலில் அதை வைத்தோம். பட்டுச்சேலை கட்டிய சம்பந்தியம்மாக்கள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

அர்த்தநாரியின் மனைவி சரசு அம்மாதான் முதலில் வந்தார். சின்ன உருவம், சத்தமில்லாத நடை. "நானே மொதல்ல ஏறறனுங்க. எம்பட எடை ஊருக்கே தெரிஞ்சாத்தான் என்ன" என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். தராசின் மேல் நின்றபடி தென்னைக்கு மேலே வானத்தை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான். பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். என்னைச் சேர்த்து எட்டுப் பேர். காலை வெயிலுக்குக் கணக்கு சரியாக வந்தது.

காலை என்பதுதான் பேச்சு. விமானம் பெங்களூரிலிருந்து காலையிலேயே வந்து ஓமலூர்ப் பக்கத்து விமான நிலையத்தில் பளபளவென்று நின்றது. கந்தசாமிதான் வரவில்லை. போன் போட்டால், "காலையில எமகண்டமுங்க. பன்னண்டு மணிக்கு மேலதான் நல்ல நேரம். மொத மொதல்ல ஏறறோம், பாத்து ஏறோணுமில்லீங்க?" என்றார். எமகண்டத்தை யார் மறுத்துப் பேச முடியும். காத்திருந்தோம். சேர்வராயன் மலை கண்ணெதிரே வெயிலில் நீலமாகி, வெளிறி, கடைசியில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போயிற்று. ரன்வேக்கு மேலே காற்று நடுங்கியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கம் வருவது மாதிரியும், கனவுக்குள் இருப்பது மாதிரியும் இருந்தது.

கந்தசாமி வந்தபோது கூடவே அடுக்கடுக்காக முட்டை அட்டைகளும் வந்தன. விமானத்தை ஓட்டி வந்தவர்களுக்கு அன்பளிப்பாம். "முட்டைக்கு என்னங்க எடை?" என்றார். கெஞ்சிக் கூத்தாடி அவற்றைத் திரும்ப வேனில் ஏற்றவைத்தேன்.

கேப்டன் ஒரு மைசூர்ப் பெண். வெப்பமானியைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், கணக்கை மறுபடி போட்டார். சேலத்தில் அன்று எரிபொருள் நிரப்ப ஏற்பாடு இல்லை. திரும்பிப் போவதற்கும் சேர்த்து பெங்களூரிலிருந்தே நிரப்பிக்கொண்டு வந்திருந்தார்கள். அங்கே சாயங்கால மழை வரும்போல இருந்ததால் அதைக் குறைக்கவும் முடியாது. சூட்டில் காற்று லேசாகிவிட்டால் இறக்கை தூக்குவது குறையும், இன்ஜின் தள்ளுவது குறையும், அதே ரன்வே போதாமல் போகும்.

"ஸாரி சார். ரெண்டு பேர் இறங்கணும்" என்றார், உடைந்த தமிழில்.

எல்லாரும் ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் போட்டாயிற்று. அர்த்தநாரி என்னைப் பார்த்தார். "ரெண்டு ஆளு எடைக்கு என்னங்க ஆகிப்போச்சு? வண்டி கொஞ்சம் முக்கும். அவ்வளவுதானுங்களே?"

"லாரி முக்கினா ஓரங்கட்டலாங்க. இது ரன்வே முடியற எடத்துல முக்கினா அந்தப் பக்கம் சோளக்காடுதான்" என்றேன்.

முதல் ஆளாக நான் பெல்ட்டைக் கழற்றினேன். கூலிக்கு வந்தவன் இறங்குவதில் அதிசயம் இல்லை. இன்னொருவர் யார்? சம்பந்தி வீட்டார் ஜன்னலைப் பார்த்தார்கள். கந்தசாமி வாட்சைப் பார்த்தார், நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. சரசு அம்மா எழப் போனார். அதற்குள் அர்த்தநாரி அவர் தோளில் கைவைத்து உட்காரவைத்துவிட்டு எழுந்தார்.

"மாப்ள, நீங்க எறங்குனா என்னங்க அர்த்தம்? வாங்கறதே நீங்கதான்" என்றார் கந்தசாமி.

"மச்சான், பலமில்லாத பாலத்துல ரிக்கு ஏறும்போது யாரு எறங்கி முன்னால நடப்பா?"

கந்தசாமிக்குப் பதில் தெரியும். ரிக் தொழிலில் அது எழுதாத சட்டம். காட்டு ரோட்டில் சின்னப் பாலத்தின் மேல் அவ்வளவு கனமான வண்டி ஏறும்போது முதலாளி உட்கார்ந்திருக்கக் கூடாது. இறங்கி, வண்டிக்கு முன்னால் நடந்து, அக்கரையில் நின்று கைகாட்ட வேண்டும். அப்போதுதான் டிரைவர் நம்பி ஏற்றுவான். அர்த்தநாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கினார்.

நாங்கள் இரண்டு பேரும் கட்டடத்தின் நிழலில் நின்றோம். விமானம் நடுங்கும் காற்றுக்குள் ஓடி, தரையை விட்டு, மலையோரமாகத் திரும்பி, சின்னதாகி, இல்லாமல் போனது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. தூரத்தில் ஏதோ குருவி கத்தியது. அந்த வெயிலும் அமைதியும் சேர்ந்து, உலகத்தில் எல்லாரும் எங்கோ போய்விட்டு எங்களை மட்டும் விட்டுவிட்ட மாதிரி இருந்தது.

"எப்ப வருமுங்க?" என்றார்.

"அரை மணி, முக்கால் மணிங்க. மேட்டூர் அணை, திருச்செங்கோட்டு மலை, மோகனூர் வரைக்கும் போய்த் திரும்பறாங்க."

கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டார். "இந்நேரம் திரும்பியிருக்குமுங்களா?" பிறகு, "அந்தப் புள்ள நல்லா ஓட்டுமில்லீங்க?" பிறகு, "எதுக்கும் ஒரு போனு போட்டுப் பாக்க முடியாதுங்களா?" போட முடியாது என்றேன். நிழலை விட்டு வெயிலுக்குப் போய் நின்று கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு பார்த்தார். ஆயிரக்கணக்கான அடி பாறைக்குக் கீழே தண்ணீர் இருக்கிறதா என்று கலங்காமல் பார்த்த மனுஷன், வெறும் வானத்தைப் பார்த்துக் கலங்கி நிற்பதை அன்றுதான் பார்த்தேன். எனக்கே பாவமாக இருந்தது.

நிழலுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். "இப்படித்தான் இருக்குமுங்களா?" என்றார்.

"எது?"

"பாத்துட்டு நிக்கறது. நான் எப்பவும் போற ஆளுங்க. நின்னு பாத்ததே இல்லீங்க." பிறகு கேட்டார். "நெசமாச் சொல்லுங்க. இத வாங்குனா நான் மத்தியானம் ஊட்டுல வந்து திங்க முடியுமா, முடியாதா?"

பெங்களூரில் கேட்காத காது இப்போது கேட்டது. நானும் மழுப்பாமல் சொன்னேன். "வாரத்துக்கு ஒருக்கா வேணும்னா ராத்திரிச் சோத்துக்கு வரலாங்க. மத்தியானச் சோறு முடியாது. இந்த வண்டி நல்ல வண்டி, அதுல ஒரு குத்தமும் இல்லை. நீங்க கேக்கறது இதனால ஆகாது."

அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். விற்கிறவர்கள் சார்பில் வந்திருந்தவர் தூரத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இந்த வியாபாரம் முடிந்தது என்று தோன்றியது. ஒரு வியாபாரத்தைக் கெடுத்துவிட்டோமே என்ற வருத்தம் இல்லை. அந்த மனிதர் முகத்தில் முப்பது வருட ஆசை ஒன்று அணைந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்த வருத்தம் இருந்தது.

விமானம் திரும்பி வந்து இறங்கியது. முதலில் கந்தசாமி இறங்கினார், சிரித்த முகமாக. சம்பந்தியம்மாக்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சரசு அம்மா கடைசியில் வந்தார். கடைசிப் படியில் நின்று, திரும்பி, தான் வந்த வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தரையில் கால் வைத்தார். அர்த்தநாரி பாதி தூரம் ஓடியே போய்விட்டார்.

"பயமா இருந்துச்சா சரசு?"

"இல்லீங்க. எங்க ஊரு மோகனூருல காவேரி, இளம்பிள்ளைச் சேலக் கரையாட்டம் மினுங்கீட்டுக் கெடக்குதுங்க. நம்ம ஊட்டத் தேடுனேன், தெரியல. எல்லாம் தீப்பெட்டியாட்டம் இருக்குது. இத்தன நாளு அதுக்குள்ளதான் இருந்தமான்னு இருந்துச்சு." அந்தம்மா இவ்வளவு பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

அர்த்தநாரி தலையைக் குனிந்துகொண்டார். "இது தோதுப்படாது போல இருக்குது. மத்தியானம் ஊட்டுக்கு வந்து உங்கூடத் திங்கலாம்னுதான் பாத்தேன். சாரு கணக்குப் போட்டுட்டாரு. ஆகாதுங்கறாரு."

வாங்குவதற்கு உண்மையான காரணத்தை அந்தம்மா அப்போதுதான் முதல்முதலாகக் கேட்கிறார் என்பது எனக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. கொஞ்ச நேரம் கணவரையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நீங்க ஊட்டுக்கு வந்தா அங்க சோறாக்கி வெச்சுட்டு யாரு இருப்பா?"

"நீதான்."

"நான் ஊட்டுல இருந்தாத்தானுங்களே?"

அவருக்கு விளங்கவில்லை. எனக்கும்தான்.

"சோறு ஊட்டுக்கு வரோணுமா என்ன? சோத்த எடுத்துக்கிட்டு நானும் வாரேன். அங்க வெச்சுத் திங்கலாம். ஊட்டுல இருந்து பாத்தாச்சுங்க. போதும்."

கந்தசாமி குறுக்கே வந்தார். "ஏனம்மிணி, ரிக்கு ஓடற காட்டுல பொம்பளைக்கு என்ன வேல?"

"அண்ணா, நீ போயி முட்டையப் பாரு. வெயில்ல கெட்டுரப் போவுது" என்றார் சரசு அம்மா.

கேப்டன் பெண்ணுக்கு எவ்வளவு தமிழ் புரிந்ததோ, சிரித்துவிட்டார். அர்த்தநாரி மட்டும் சிரிக்காமல் மனைவியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், இந்தக் கணக்கு வருமுங்களா?"

இந்தக் கணக்கு எளிதாக வந்தது. காலைக் குளிரில் சேலத்தில் கிளம்பி, ராய்ப்பூரில் இறங்கி, ரோட்டில் போனால் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாகச் சைட்டில் இருக்கலாம். இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்பலாம். வெயிலும் இல்லை, எடையும் இல்லை. வருமுங்க என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் தொழில். கையெழுத்துகள், அனுமதிகள், பெயர் மாற்றம், காப்பீடு என்று மாதங்கள் போயின. ஒப்படைக்கும் நாளில் நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி இருக்கையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பெரைராவுக்கு அது பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் மகிழ்ச்சிக்கு வேறு சாட்சி யாரும் இல்லை.

முதல் பயணத்தில் பொறியாளர் ஒருவர் கூடப் போவது வழக்கம். நான் போனேன். சரசு அம்மா டிபன் கேரியர்களைத் தாமே நிறுத்து எடையைச் சரியாகச் சொன்னார். விமானத்தில் வழியெல்லாம் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. கீழே மேகம் வந்தது, ஆறுகள் வந்தன, பெயர் தெரியாத ஊர்கள் வந்தன. "இது எந்த ஊருங்க?" என்று கணவரைக் கேட்பார். அவர் தெரிந்த மாதிரி ஏதாவது சொல்வார். மேலேயிருந்து பார்த்தால் அவருக்கும் ஒன்றும் தெரியாது. அவருக்கு எல்லா ஊரையும் ரோட்டில்தான் தெரியும்.

ராய்ப்பூரிலிருந்து செம்மண் ரோடு, பிறகு காடு. ரிக்கின் சத்தம் ஆளைப் பார்க்கும் முன்பே கேட்டது. வெள்ளைப் பாறைத்தூள் மரம், மண், மனிதர் எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. முதலாளியம்மாவைப் பார்த்ததும் நம்மூர்ப் பையன்கள் ரிக்கை நிறுத்திவிட்டு, முகத்துத் தூளைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். எல்லாருக்கும் சேர்த்துத்தான் கொண்டுவந்திருந்தார். அரிசியும் பருப்புஞ்சோறு, நெய், கத்திரிக்காய்ப் பொரியல், தயிர்.

"நீங்க எங்க உக்காந்து திம்பீங்க?" என்று கணவரிடம் கேட்டார்.

அர்த்தநாரி கூச்சத்தோடு இடத்தைக் காட்டினார். குழாய்கள் அடுக்கி வைத்திருந்த இடம். மேலே தார்ப்பாய் நிழல். பக்கத்தில் டீசல் கேன்கள். சரசு அம்மா போய் அந்தக் குழாய் மேல் உட்கார்ந்து பார்த்தார். கையால் குழாயைத் தடவினார், விரலில் வெள்ளைத் தூள் ஒட்டியது. கணவரை அங்கேயே உட்காரச் சொல்லி இலையைப் போட்டுப் பரிமாறினார். எனக்கும் போட்டார்.

"தெனம் மத்தியானம் போனுல 'சாப்ட்டாச்சுங்களா'ன்னு கேப்பனுங்க" என்றார் என்னிடம். "'ஆச்சு'ம்பாரு. எங்க உக்காந்து, என்னத்தத் தின்னாருன்னு ஒரு நாளும் கேட்டதில்லீங்க. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டாரு."

அர்த்தநாரி தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் இலைக்கு மேலே கையைக் குறுக்கே வைத்து, "போதும் சரசு" என்றார்.

அந்தம்மா அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.